கழுத்து அறுவைக்குப் பின் விமானியின் மருத்துவச் சான்றிதழ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கழுத்து டிஸ்க் பிதுக்கம் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரை தெளிவாகவும் பயனுள்ளதாகவும் இருந்தது. ஆனால் அதன் கடைசிப் பத்தியில், அறுவைக்குப் பின் வேறு வேலை தேடிக்கொள்ள நேரும் தொழிலாளர்களின் பட்டியலில் விமானிகளையும் சேர்த்திருந்தது சரியல்ல. நான் பயணிகள் விமானம் ஓட்டுபவன். ஆறாம், ஏழாம் கழுத்தெலும்புகளுக்கு இடையில் இருந்த டிஸ்க்கை அகற்றிவிட்டு, அவ்விரு எலும்புகளையும் டைட்டானியத் தகடு வைத்து ஒன்றாக இணைக்கும் அறுவை எனக்குச் செய்யப்பட்டது. இன்றும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழுடன் பறந்துகொண்டுதான் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை நான் விதிவிலக்கும் அல்லேன்.

அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்வதற்கு மட்டும் இவ்வளவு நீண்ட கடிதம் தேவையில்லை. கழுத்து வலியோடு பறந்துகொண்டிருக்கும் ஒரு விமானி அந்த வரியைப் படித்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவார் என்பதுதான் என் கவலை. நானே தள்ளிப்போட்டவன். வலது கையின் நடுவிரல் மரத்துப்போயிருந்த இரண்டு மாதங்களில், தலையணையை மாற்றிப் பார்த்தேன், தூங்கும் பக்கத்தை மாற்றிப் பார்த்தேன். உண்மையை ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை. விமானி அறையில் இறங்கு சக்கரத்தை இயக்கும் நெம்புகோலின் முனை சிறு சக்கரம் போலவும், இறக்கை மடிப்பை (ஃபிளாப்) இயக்கும் நெம்புகோலின் முனை இறக்கை போலவும் வடிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இவ்விரண்டையும் மாற்றி இழுத்ததால் நேர்ந்த விபத்துகளுக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. கண்ணை எடுக்காமலே விரல் நுனியால் வித்தியாசம் தெரிய வேண்டும். ஒருநாள் இரவுத் தரையிறக்கத்தின்போது, நெம்புகோலின் மேல் கை வைத்துவிட்டு, அது எது என்று குனிந்து பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் கவனித்திருக்கமாட்டார். ஆனால் அந்தக் கணத்துக்கு மேல் என்னையே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. தரையிறங்கியதும் அடுத்த நாள் பணிக்கு வர இயலாது என்று சொல்லிவிட்டேன்.

இங்கே விதிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் விமானிகளிடையேகூட இதில் குழப்பம் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் உரிம விதிகளான முதலாம் இணைப்பு, உரிமம் பெற்றவர்களின் மருத்துவத் தகுதியை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது: தொழில்முறை விமானிகளுக்கு முதல் வகுப்பு, தனியார் விமானிகளுக்கு இரண்டாம் வகுப்பு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு மூன்றாம் வகுப்பு. முதல் வகுப்புச் சான்றிதழ் பொதுவாக 12 மாதங்கள் செல்லும். 60 வயதைத் தாண்டியோருக்கும், 40 வயதுக்கு மேல் துணை விமானியின்றிப் பயணிகளை ஏற்றிச் செல்வோருக்கும் அது 6 மாதமாகச் சுருங்கும். சான்றிதழில் அச்சிட்ட தேதி வரை அது காகிதத்தில் உயிரோடு இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தன் உடல்தகுதி குறைந்திருப்பதை அறிந்த விமானி, அந்தத் தேதி எதுவாக இருந்தாலும், உரிமத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதே இணைப்பின் விதி. அமெரிக்காவின் விதித்தொகுப்பில் 61.53 என்ற பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஐரோப்பிய விதியோ இன்னும் வெளிப்படையாக, அறுவை சிகிச்சை செய்துகொண்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ஒரு மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ளத் தொடங்கினாலோ தாமதமின்றி விமான மருத்துவரின், அதாவது விமானிகளின் உடல்தகுதியைச் சோதிக்கும் மருத்துவரின், ஆலோசனையைப் பெற வேண்டும் என்கிறது. ஆக, அறுவை நாளன்று சான்றிதழ் ரத்தாகிவிடுவதில்லை. அது உறையில் போகிறது, அவ்வளவுதான். மறுபடி வெளியே எடுக்க என்ன வேண்டும் என்பதுதான் கேள்வி.

விமான மருத்துவம் ஒரு நோயைப் பார்க்கும்போது அடிப்படையில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இந்த மனிதர் பறக்கும்போது திடீரென்று செயலிழந்து விழுவாரா என்பது ஒன்று. செயலிழக்காவிட்டாலும், வேலையை முழுமையாகச் செய்ய அவருடைய உடல் ஒத்துழைக்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பல நாடுகளில் வழிகாட்டியாக இருப்பது 1 சதவீத விதி எனப்படுவது: இரு விமானிகள் உள்ள விமானத்தில், ஒருவர் ஓராண்டுக்குள் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதய நோய்களை எடைபோடுவதற்காக வந்த அளவுகோல் இது. கழுத்து எலும்பு நன்றாகக் கூடி, தண்டுவடத்தின் மேல் அழுத்தம் நீங்கிய ஒருவரை இந்த அளவுகோல் பெரும்பாலும் தொடுவதே இல்லை, ஏனெனில் கழுத்து இதயத்தைப் போல ஒரு நொடியில் கைவிடும் உறுப்பு அன்று. அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முணுமுணுத்துவிட்டுத்தான் கைவிடும். 1999இல் வெளியான, இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் ஆய்வு, எலும்பிணைப்பு செய்துகொண்டவர்களில் ஆண்டுக்கு சுமார் 2.9 சதவீதத்தினருக்கு அடுத்தடுத்த டிஸ்க்குகளில் புதிய தொல்லை தோன்றுவதாகச் சொல்கிறது. இந்த எண்ணை அந்த 1 சதவீதத்தின் பக்கத்தில் வைத்து, "பார்த்தீர்களா, மூன்று மடங்கு" என்று வாதிட்டவர்களை நான் கேட்டிருக்கிறேன். அது பிழை. புதிதாக ஒரு தோள்வலியோ விரல் மரப்போ தொடங்குவதும், இருக்கையில் மயங்கிச் சரிவதும் ஒன்றல்ல.

எனவே கழுத்தைப் பொறுத்தவரை வழக்கு முழுவதும் இரண்டாம் கேள்வியில்தான் நடக்கிறது. அங்கேயும் பலர் முதலில் அஞ்சுவது கழுத்து திரும்பாமல் போய்விடுமே என்றுதான். தலையை இடமும் வலமும் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி, மண்டையோட்டுக்கு நேர் கீழே உள்ள முதல், இரண்டாம் எலும்புகளுக்கு நடுவே நிகழ்கிறது. எலும்பிணைப்பு பெரும்பாலும் நடப்பதோ கழுத்தின் அடிப்பகுதியில், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில், அல்லது ஆறுக்கும் ஏழுக்கும் இடையில். அங்கே ஒரு மூட்டு அசையாமல் போனால் இழப்பது சில பாகைகளே; எனக்கு அது கண்ணாடியில்கூடத் தெரியவில்லை. இரண்டு மூன்று தளங்களை, அதாவது எலும்பு இடைவெளிகளை, இணைத்தால் கதை வேறு. அசைவைத் தக்கவைக்கும் செயற்கை டிஸ்க்கைப் பொருத்தும் முறையும் உண்டு, ஆனால் உரிமத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அறுவை முறையைத் தேர்ந்தெடுப்பது பேதைமை என்பது என் எண்ணம். நரம்புக்கு எது நல்லது என்று அறுவை மருத்துவர் சொல்கிறாரோ அதைச் செய்துகொள்வதே கடைசியில் உரிமத்துக்கும் நல்லது.

கழுத்து திரும்புவதைவிடக் கையும் குரலும்தான் கவனிக்கப்பட வேண்டியவை. கழுத்தில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களில் ஐந்தாவது பாதிக்கப்பட்டால் தோளை உயர்த்துவது கடினமாகும். விமானி அறையில் மின்சாரம், எரிபொருள், தீயணைப்பு ஆகியவற்றின் பொத்தான்கள் பலவும் தலைக்கு மேலே உள்ள பலகையில் இருக்கின்றன. ஆறாம் வேர் மணிக்கட்டையும் கட்டைவிரலையும் ஆள்கிறது. என்னுடையதான ஏழாம் வேர் நடுவிரலின் உணர்வையும், முழங்கையை நீட்டித் தள்ளும் மேற்கைப் பின்தசையையும் ஆள்கிறது. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்திருக்கும்போது வலது கை மடங்கிவிடும் அளவுக்கு அது தளர்ந்திருந்தது. குரலைப் பற்றி நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. முன்பக்கமாகச் செய்யும் அறுவையில் மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒதுக்கிவிட்டுத்தான் எலும்பை அடைகிறார்கள், குரல்நாண்களை இயக்கும் நரம்பும் அந்த வழியில்தான் ஓடுகிறது. அறுவைக்குப் பின் ஐந்து வாரங்கள் என் குரல் காற்றாகவே வந்தது. பெரும்பாலோருக்கு இது தானே சரியாகிவிடும் என்று சொன்னார்கள், எனக்கும் ஆயிற்று. ஆனாலும் வானொலியில் சொல்லும் ஓர் எண்ணை மறுமுனையில் இருப்பவர் தவறாகக் கேட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு, அந்த ஐந்து வாரங்கள் கழுத்துப் பட்டையைவிடக் கனமாக இருந்தன. வீட்டில் தினமும் காலையில் சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படிப்பேன். அடுத்த அறையிலிருந்து மனைவி எத்தனை வரி புரிந்தது என்று சொல்வார்.

மருந்துகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும், ஏனெனில் எலும்பு கூடிய பிறகும் பலரைத் தரையில் நிறுத்திவைப்பது இதுதான். நரம்பு வலிக்குத் தாராளமாக எழுதித்தரப்படும் கபாபென்டின், பிரிகாபாலின் ஆகியவற்றை உட்கொண்டு பறக்க அமெரிக்க விமான மருத்துவம் அனுமதிப்பதில்லை. டிரமடால் போன்ற அபின்வகை வலிநிவாரணிகளும் தூக்கக் கலக்கம் தரும் தசைத் தளர்த்திகளும் அப்படியே. நிறுத்தினால் மறுநாளே பறக்கலாம் என்பதும் இல்லை, மருந்து உடலைவிட்டு நீங்கும் வரை காத்திருக்க வேண்டும். அறுவை மருத்துவர் இதைத் தெரிந்துவைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சொல்ல வேண்டியது நாம்தான். புகைபிடிப்பவராக இருந்தால் நிகோட்டின் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இனி, இந்தக் கடிதத்தை நான் எழுதக் காரணமான இடத்துக்கு வருகிறேன். அறுவை முடிந்து நான்காம் மாதத்தில், வலி அறவே இல்லை, விரலில் உணர்வு திரும்பிவிட்டது, மாத்திரை எதுவும் இல்லை என்ற நிலையில் விமான மருத்துவரிடம் போனேன். அறுவை மருத்துவர் கொடுத்த கடிதத்தைப் பெருமையோடு நீட்டினேன். அதில் இரண்டே வரிகள்: அறுவை சிறப்பாக நடந்தது, நோயாளி நலமாக இருக்கிறார், வழக்கமான பணிகளுக்குத் திரும்பலாம். விமான மருத்துவரான அந்த அம்மையார் அதை ஒருமுறை படித்துவிட்டு, மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்து, "உங்கள் வழக்கமான பணி எது என்று இவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அறுவை மருத்துவர் என்னிடம் தொழிலைக் கேட்டதும் நான் சொன்னதும் நினைவிருந்தது. ஆனால் மேலே உள்ள பலகைக்கு எத்தனை முறை கை நீளும் என்பதையோ, விமானம் குலுங்கும்போது தோள்பட்டை வாரோடு தலை எப்படி ஆடும் என்பதையோ நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு வரிகளால் எனக்கு மேலும் பதினோரு வாரங்கள் போயின. கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம், அதற்கு மறுகடிதம், புதிதாக எக்ஸ்ரே, அதைப் படித்து எழுத ஒரு முன்பதிவு என்று, என் கழுத்தில் எந்தக் குறையும் இல்லாத பதினோரு வாரங்கள்.

யார் மேலும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அறுவை மருத்துவர் தன் நோயாளிக்காக எழுதுகிறார். விமான மருத்துவரோ, முகம் தெரியாத நூற்றைம்பது பயணிகளுக்காகப் படிக்கிறார். எழுதுபவருக்குத் தேவையற்றதாகத் தோன்றும் வரிகளே படிப்பவருக்கு உயிரானவை. எந்தத் தளத்தில் என்ன அறுவை, எந்த நாளில். முன்னால் குனிந்தும் பின்னால் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் இணைப்பு அசைகிறதா, அசையவில்லையா. தலை இடமும் வலமும் எத்தனை பாகை திரும்புகிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு, பிடிப்பு ஆகியவற்றின் வலிமை அறுவைக்கு முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு. உணர்வுக் குறை மிச்சமிருக்கிறதா. தண்டுவடம் அழுந்தியிருந்ததற்கான அடையாளங்கள், குறிப்பாக நடையிலோ சட்டைப் பொத்தான் போடுவதிலோ தடுமாற்றம், முன்பு இருந்ததா, இப்போது இருக்கிறதா. கடைசியாக வலி மருந்து உட்கொண்ட தேதி எது. இனிமேல் எதைக் கவனிக்க வேண்டும். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். இணைப்பு முழுமையாகக் கூட மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்பதால், எக்ஸ்ரே எப்போது எடுக்கப்பட்டது என்ற தேதியும் வேண்டும். அறுவைக்கு முன்பே விமான மருத்துவரிடம் போய், "முடிந்த பிறகு உங்களுக்கு என்னென்ன வேண்டும்?" என்று கேட்டு எழுதிவாங்கி, அந்தத் தாளை அறுவை மருத்துவரிடம் கொடுத்திருந்தால் எனக்கு இந்தத் தாமதம் நேர்ந்திருக்காது. இதைச் செய்யாதவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் துணிந்து சொல்கிறேன்.

புதிய அறிக்கை போன பிறகும் ஒரு சோதனை மிச்சமிருந்தது, அதை நான் மனதார வரவேற்றேன். முன்பு சொன்ன முதலாம் இணைப்பே எலும்பு, மூட்டுக் குறைகளுக்குப் பின் செயல்திறனைச் சோதித்து முடிவெடுக்க வேண்டும் என்கிறது. படத்தில் தெரியும் திருகாணியை எண்ணச் சொல்லவில்லை. சிமுலேட்டரில் உட்காரவைத்தார்கள். பயிற்சியாளர் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். பின்னால் மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியை ஒரே கையால் எடுத்து ஐந்து நொடிக்குள் முகத்தில் பொருத்த வேண்டும் என்பது உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு உள்ள விதி. அன்று வலது கையால் மூன்று முறை, இடது கையால் மூன்று முறை செய்யச் சொன்னார். மேலே உள்ள பலகையின் கடைக்கோடிப் பொத்தானைத் தொட்டுக் காட்டினேன். ஒரு என்ஜினை நிறுத்திவிட்டு, அதனால் ஒருபக்கம் இழுக்கும் விமானத்தை நேராக வைத்துக்கொண்டே இடதுபக்க ஜன்னல் வழியாக ஓடுபாதையைத் தேடச் சொன்னார். முடிந்ததும் அவர் என் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேகத்தை ஓரிடத்தில் மணிக்கு ஐந்து கடல்மைலுக்கு மேல் தவறவிட்டதாகக் குறை சொன்னார். அன்றைக்குக் கேட்ட மிக இனிமையான கண்டிப்பு அது.

சான்றிதழ் வெள்ளையாகத் திரும்பக் கிடைக்காமல், நிபந்தனையோடு கிடைப்பதும் உண்டு. தகுதியுள்ள மற்றொரு விமானியுடன் மட்டுமே பறக்கலாம் என்ற நிபந்தனை ஐரோப்பாவில் வழக்கமானது. அதைச் சிலர் அவமானமாக நினைக்கிறார்கள். எப்போதும் இருவராகவே பறக்கும் பயணிகள் விமானத்தில் அது நடைமுறையில் எதையும் மாற்றுவதில்லை. சொல்லப்போனால் கழுத்து அதிகம் தேவைப்படுவது பொழுதுபோக்காகப் பறப்பவர்களுக்குத்தான். சிறு விமானத்தில் தனியாக வரும் ஒருவர், ஓடுபாதைக்கு நேராகத் திரும்பும் கடைசி வளைவில் தோளுக்குப் பின்னால் வரை பார்த்தாக வேண்டும், அவருக்காகப் பார்க்க வேறு கண் இல்லை. வெப்பக் காற்றில் வட்டமிட்டு ஏறும் கிளைடர் விமானிகள் மணிக்கணக்கில் அதையே செய்கிறார்கள். அவர்களுடைய சான்றிதழ் இரண்டாம் வகுப்பு என்பதாலேயே அவர்களுக்குக் குறைந்த கழுத்து போதும் என்றாகிவிடாது. தலைக்கவசத்தின் கனத்தோடு பல மடங்கு ஈர்ப்புவிசையைத் தாங்கும், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் வெளியேற்ற இருக்கையில் அமரும் போர் விமானிகளின் கணக்கு முற்றிலும் வேறு. அதைப் பேச எனக்குத் தகுதி இல்லை.

மறைப்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்க விண்ணப்பப் படிவம் கடந்த மூன்றாண்டுகளில் பார்த்த மருத்துவர்கள் அனைவரையும் கேட்கிறது. பொய் சொன்னால் ஐந்தாண்டு வரை சிறை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அச்சுறுத்தல் மட்டும் மனிதரைப் பேசவைப்பதில்லை. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி மலையில் மோதி, தன்னோடு சேர்த்து 150 உயிர்களை அழித்தார். அது மனநோய் தொடர்பானது, கழுத்தோடு ஒப்பிட ஒன்றுமில்லை. ஆயினும் பிரான்சின் விபத்துப் புலனாய்வு அமைப்பு தன் அறிக்கையில், உரிமத்தை இழந்தால் வருமானமும் போகுமே என்ற அச்சம் விமானிகளைப் பேசவிடாமல் தடுக்கிறது என்பதைச் சுட்டி, அந்தப் பொருளாதார ஆபத்தைக் குறைக்க வழிதேட வேண்டும் என்று பரிந்துரைத்தது. உரிம இழப்புக் காப்பீடு எடுத்திருக்கும் விமானி, அது தற்காலிகத் தகுதியின்மைக்கும் பணம் தருமா, எத்தனை நாள் காத்திருந்த பிறகு தரும் என்பதைக் கழுத்து நன்றாக இருக்கும்போதே படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பட்டியலிலிருந்து விமானிகளை நீக்கி ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மருத்துவப் பக்கத்தை அறுவை மருத்துவர்களும் படிக்கிறார்கள் என்பதால், எனக்காக இரண்டாம் முறை எழுதப்பட்ட அந்த ஒரு பக்க அறிக்கையின் நகலை, பெயர்களையும் தேதிகளையும் அழித்துவிட்டு, இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் திருத்தத்தின் அருகிலேயே அதையும் அச்சிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பயணிகள் விமானம் ஓட்டும் விமானி ஒருவர்